முடிவுக் கோட்டில் நின்ற பசு

அன்று முடிவுக் கோட்டில் நின்றவர்களைச் சொல்கிறேன். கையில் கொடியோடு திடல் தலைவர். ஒலிபெருக்கிக்காரர். வெல்லும் மாட்டுக்குப் போட மாலை கொண்டுவந்த பூக்காரர். சோடா விற்றவர். கதிரையில் சுருட்டு முதலாளி, அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர். நான். ஒரு பசு. பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அக்கா. அவ்வளவு பெரிய திடலில் வேறு பெண் இல்லை.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரை. வண்டில் சவாரி பார்க்காதவர்களுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். திடலின் ஒரு தலைப்பில் இரண்டு வண்டில் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சோடி மாடு. கொடி அசைந்ததும் ஓட வேண்டும், மற்றத் தலைப்புக்கு முதலில் வருகிற சோடிக்கு மாலை. அன்று ஒரு வண்டில் சுருட்டு முதலாளியுடையது. மற்றதில் மாட்டின் மூக்கில் பூட்டிய நாணயக் கயிற்றைப் பிடித்தபடி என் அத்தான் நின்றார், அக்காவின் புருசன். அவர் பூட்டியிருந்த இரண்டு நாம்பன் காளையும் அக்கா பிடித்துக்கொண்டிருந்த பசு ஈன்றவை. பாதித் தூரத்தில் முதலாளியின் சோடி நன்றாக முன்னுக்கு வந்துவிட்டது. தூசிக்குள் அத்தானின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. அப்போது அக்கா கயிற்றை இடது கைக்கு மாற்றி, வலது கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

“வா குஞ்சு. வா வா வா.”

வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூப்பிடுகிற அதே கூப்பாடு. பசுவும் கூடக் கத்தியது. எங்கள் சோடி காதை நிமிர்த்துவதை நான் பார்த்தேன். பிறகு தூசி முன்னால் வந்தது. திடல் தலைவர் பின்னுக்குத் துள்ளினார். முதலாளியின் கதிரை விழுந்தது. அத்தானின் வண்டில் கோட்டைத் தாண்டி, நாம்பன்கள் இரண்டும் அக்காவுக்கும் பசுவுக்கும் முன்னால் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன.

அந்தப் பசுவுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. வடக்கத்தியாள் என்போம். எங்கள் பக்கத்தில் வடக்கன் மாடு என்றால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்த இனம். உயர்ந்த கால், சாம்பல் பூத்த வெள்ளை, பின்னுக்கு வளைந்த கொம்பு. சவாரிக்கு அதைவிட நல்ல மாடு இல்லை. வள்ளம் வருவது நின்ற பிறகு அந்த இரத்தம் ஊர் மாட்டோடு கலந்துபோனது. கலக்காமல் மிஞ்சியவை கொஞ்சம். எங்கள் ஐயாவிடம் ஒன்று இருந்தது. அக்காவைக் கட்டிக் கொடுத்தபோது காணி, நகை, இந்தப் பசு என்று மூன்றும் சீதனமாகப் போயின. காணியும் நகையும் எந்த வீட்டிலும் கொடுப்பது. பசுவுக்காகத்தான் அத்தான் சம்மதித்தார் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். அத்தான் அதை மறுத்ததை நான் கேட்டதில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் நான் கொழும்பில் ஒரு கடையில் நின்றேன். கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, போட்ட சாரத்தோடு அரியாலைக்கு நடந்தேன். அக்கா வீட்டுப் படலையைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு கன்று நின்றது. பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அக்கா என்னைப் பார்த்து அழுதாள். அத்தான் என் கையைப் பிடித்து, “மச்சான், நாம்பன் கண்டு” என்றார். எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. பிறகு யோசித்தால், அந்த மாதம் முழுக்க யாரும் எனக்குச் சொன்ன நல்ல செய்தி அது ஒன்றுதான். வேறு தொழில் இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டேன். புல்லு வெட்டினேன். பனையோலை கிழித்துப் போட்டேன். மாட்டோடு மாடாக இருந்தேன்.

அடுத்த ஈத்தும் நாம்பன். இரத்தம் கெடக்கூடாது என்று அத்தான் பசுவைத் தென்மராட்சியில் ஒரு வடக்கன் நாம்பனிடம் நடத்திக்கொண்டு போய்ச் சினைப்படுத்தியிருந்தார். வழியில் யாராவது மறித்துச் செய்தி கேட்டால் கூட நிற்கமாட்டார், கலியாண வீட்டுக்குப் பிந்தியவர் போல நடப்பார். அந்த முறை பசுவுக்கு மடி வீங்கிவிட்டது. கன்றை அண்டவிடாமல் உதைத்தாள். அக்கா மடிக்கு ஒத்தடம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து, விரலைப் பாலில் தோய்த்துக் கன்றின் வாயில் வைத்துப் பருக்கினாள். பால் போதாத நாளில் கஞ்சித் தண்ணீர். மூத்த கன்றும் வந்து அவளுடைய சீலைத் தலைப்பைச் சப்பும். காலையும் மாலையும் “வா குஞ்சு” என்று அவள் குரல் கேட்கும், இரண்டும் ஓடும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

மூத்தவனும் இளையவனும் வளர்ந்து நுகத்துக்கு வந்தார்கள். நல்ல உடம்பு, நல்ல கால். ஆனால் ஓடவில்லை. கடலேரிப் பக்கத்து மேய்ச்சல் வெளியான தரவையில் அத்தான் நாள்தோறும் பழக்குவார். கொஞ்சத் தூரம் ஓடி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். துவரந்தடியால் அடித்தால் நின்றே விடுவார்கள். அத்தானுக்கு வெட்கம். பழகின நாம்பன் ஒன்று வாங்க வேண்டும் என்றார். அதற்குக் காசு வேண்டும். பசுவை விற்கத் தரகரைக் கூட்டிவந்தார். தரகர் வாயைப் பிளந்து பல்லுப் பார்த்தார், மடியைத் தட்டினார், வெள்ளிக்கிழமை வந்து பிடிக்கிறேன் என்று போனார். அக்கா அடுப்படியில் நின்றாள். “என்ரை சீதனம்” என்று ஒரு சொல் சொன்னாள். அத்தான் காது கேட்காதவர் மாதிரி வேலியைப் பார்த்தார். 

வெள்ளிக்கு முதல் நாள் பின்னேரம் நானும் அத்தானும் தரவையில் நின்றோம். பசு தூரத்து ஓரத்தில் மேய்ந்தது. பொழுதுபடப் போகிறதென்று அக்கா அதைப் பிடிக்க வந்தாள். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நாம்பன்களையும் தண்ணீருக்குக் கூட்டிப்போக நினைத்தாளோ என்னவோ, எங்கள் பக்கம் திரும்பி வழக்கம் போல் கூப்பிட்டாள். அத்தான் அப்போதுதான் வண்டிலில் ஏறி ஒரு கால் வைத்திருந்தார். மற்றக் காலை வைக்க முதல் வண்டில் போய்விட்டது. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் இழுபட்டார். நாம்பன்கள் பறந்தன. அப்படி ஓடினதை நான் அதுவரை கண்டதில்லை. பசுவின் காலடியில் போய் நின்றன. அத்தான் எழும்பி வேட்டியைத் தட்டினார். முழங்காலில் இரத்தம். முகத்தில் சிரிப்பு. “தாயிட்டை ஓடுறாங்களடா மச்சான். தாய் நிண்டால் ஓடுவாங்கள்” என்றார்.  மற்ற நாள் தரகர் வந்தபோது அத்தான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கு சவாரி என்றாலும் பசுவும் போனது. தன் பசுவை வேறு ஆளின் கையில் கொடுக்கமாட்டேன் என்று அக்காவும் போனாள். பெண்கள் திடலுக்குப் போவதில்லை. ஊர் கதைத்தது. அக்கா தலையைச் சீலையால் மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள், அவ்வளவுதான். அந்த நாளில் வீதிக்கு வீதி இந்தியப் படையின் சென்றி, காவலரண். ஒரு சென்றியில் தமிழ் கதைக்கிற ஒரு ஆமிக்காரர் நின்றார். பசுவைக் கண்டதும் எங்களை மறித்தார். எங்களுக்குப் பயம். அவர் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, “இது எங்க ஊரு மாடுங்க” என்றார்.  “தொட்டுப் பாக்கட்டுங்களா?” என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலையாட்டினாள். அவர் பசுவின் கழுத்துத் தொங்கலைச் சொறிந்துவிட்டார். பசு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது. பின்னேரம் திரும்பி வரும்போது, வென்றதா என்று கேட்டார். வென்றது என்றேன். சரி போங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் கப்பலேறிப் போகும்வரை அந்தச் சென்றியில் எங்களை யாரும் மறிக்கவில்லை.

சித்திரைச் சவாரியில் தோற்ற சுருட்டு முதலாளி சும்மா இருக்கவில்லை. அவர் மாட்டில் பைத்தியம் உள்ள மனிதர். சுருட்டுக் கொட்டிலில் உழைத்ததை எல்லாம் மாட்டுக்கே தீனியாகத் தீத்தினார். கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு அத்தானிடம் வந்தார். “தம்பி, நீ சவாரிக்கு வந்தனியோ, பால் விக்க வந்தனியோ?” என்றார். தாயைக் காட்டி ஓட்டுவது முறையில்லை என்று திடல் தலைவரிடம் முறையிட்டார். தலைவர் நாலு பெரியவர்களைக் கூட்டிக் கதைத்தார். கடைசியில், “பசு ஓடேல்லை. நிண்டது. நிக்கக்கூடாதெண்டு இஞ்சை சட்டமில்லை” என்று தீர்த்துவைத்தார். அதன் விளைவு அடுத்த சவாரியில் தெரிந்தது. போட்டிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தாய்ப்பசுவோடு வந்திருந்தார்கள். முடிவுக் கோடு பட்டி மாதிரி இருந்தது. ஒன்று கத்த மற்றதும் கத்தும். முதலாளி எங்கிருந்தோ ஒரு கிழட்டுப் பசுவைக் கொண்டுவந்து மாலை போட்டு நிறுத்தியிருந்தார். அவருடைய நாம்பனுக்கு அது சொந்தத் தாயா என்று கேட்டதற்கு, சின்னத்தாய் முறை என்றார். அன்று ஒரு சோடி கோட்டுக்கு வராமல் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்துக்குள் போனது. ஒரு சோடி நின்று மூத்திரம் பெய்தது. அக்கா கூப்பிட்டாள். எங்கள் சோடி மட்டும் நேராக வந்தது. வடக்கத்தியாளின் இரத்தம் வேறு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தோற்றது ஒரே ஒரு முறை. அக்காவுக்கு மகள் பிறந்து துடக்குக் கழியாத நேரம். நான் பசுவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நாம்பன்கள் பாதிவரைக்கும் வந்தன. பிறகு தலையைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்தன. நான் பசுவின் வாலை முறுக்கிக் கத்தவும் வைத்தேன். இளையவன் நடக்கத் தொடங்கினான். பசுவை வெயிலுக்கு முகம் வைத்து நிறுத்தினேன் என்றும், அதனால் அதன் சத்தம் மாறிவிட்டது என்றும் அத்தான் என்னை ஏசினார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்குச் சொன்னேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நாம்பன்கள் எந்த இடத்தில் நின்றன, எந்தப் பக்கம் பார்த்தன என்று கேட்டாள். சொன்னேன். “சரி தம்பி. இனி நானே வாறன்” என்றாள்.

பசுவின் அடுத்த இரண்டு ஈத்தும் நாம்பன். இரண்டையும் முதலாளி பால்குடி மறக்க முதலே வாங்கிப் போனார். அவை அவரிடம் சாதாரண மாடு மாதிரி ஓடின. தாய் நின்றால்தான் சரிவரும் என்று பசுவை விலைக்குக் கேட்டார். இல்லாவிட்டால் சவாரிக்குச் சவாரி இரவல் கேட்டார். ஒவ்வொரு முறையும் அத்தான் கொஞ்சம் ஆடிப்போவார். தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி, சாமான் வராமல், பால்மா சவர்க்காரம் எல்லாம் கண்ணால் காணக் கிடைக்காத காலம். காசு யாருக்குத்தான் வேண்டாம். அப்படியிருந்தும், சவாரி இருக்கிறவரை பசு நிற்கட்டும் என்று கடைசியில் சொல்லிவிடுவார். அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஐந்தாவது ஈத்து நாகு. அத்தானுக்கு ஏமாற்றம். பெண் கன்றை வைத்து என்ன செய்வது. கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட நான் போனபோது அக்காவும் கூட வந்தாள். நான் போன மற்ற ஈத்துகளுக்கு அவள் அப்படி வந்ததில்லை. அந்த நாகு வளர்ந்த பிறகு கைதடியில் கலியாணம் கட்டிப் போன அத்தானின் தங்கைக்கு அதைக் கொடுத்தாள். சீதனமாகப் போகட்டும் என்றாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் இலங்கை ஆமி கிட்ட வருகிறதென்று எல்லோரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் முழுக்க எங்கள் வீதியால்தான் போனது. சவாரி வண்டிலில் பானை சட்டியும் பாயும் அக்காவின் மகளும். மூத்தவனையும் இளையவனையும் பூட்டினோம். அவர்களுக்கும் வயது போய்விட்டது. பசுவுக்கு அதைவிட வயது. அதைக் கட்டையில் அவிழ்த்துவிட்டுப் போவோமா என்று நான் கேட்டேன். “தாய் முன்னுக்குப் போகாட்டி இவங்கள் இந்தச் சனத்துக்குள்ளை ஒரு அடி வைக்கமாட்டாங்கள்” என்றார் அத்தான். அக்கா கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். மழை. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்து நிற்க வேண்டும். இரவு முழுக்க நகர்ந்தும் விடியும்போது நாவற்குழிப் பாலத்தை எட்டவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பசு வீதியோரத்துச் சேற்றில் படுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தோம். முன்காலை ஊன்றி எழும்பப் பார்த்தது, முடியவில்லை. நாம்பன்கள் நின்றுவிட்டன. பின்னால் சனம் நெருக்கியது. வண்டிலை எடு என்று கத்தினார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையால் ஏசினார். அவருடைய தோளில் அவருடைய தாய் இருந்தார். அவரைப் பிழை சொல்ல முடியாது. அத்தான் தடியால் அடித்தார். தரவையில் பழக்கிய காலத்துக்குப் பிறகு தன் மாட்டை அவர் அடித்ததை அந்த ஒரு நாள்தான் கண்டேன். மாடு அசையவில்லை. வண்டிலுக்குள் பிள்ளை அழுதது. அத்தான் தடியைக் கீழே போட்டுவிட்டு, இனி என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் சனத்துக்குள்ளிருந்து சுருட்டு முதலாளி வந்தார். தன் மாடுகளை எல்லாம் அவிழ்த்துத் துரத்திவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு குடை, ஒரு பை. பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள், அவருக்குக் கால் ஏலாது. பசுவைப் பார்த்தார். குனிந்து கண் இமையை விரித்துப் பார்த்தார். மாடு தெரிந்தவர், அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. பசுவுக்குப் பக்கத்தில் பையைப் போட்டு அதில் இருந்தார். குடையைப் பசுவின் தலைக்குப் பிடித்தார்.

“பிள்ளை, நீ போ. நான் இதோடை இருக்கிறன். எனக்கும் கொஞ்சம் இருந்துதான் வரவேணும்.”

அக்கா பசுவின் நெற்றியில் கையை வைத்தாள். கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு வண்டிலுக்கு முன்னால் தூரமாகப் போனாள். திரும்பினாள். ஈரக் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

“வா குஞ்சு. வா வா வா.”

நாம்பன்கள் காதை நிமிர்த்தின. பசு கிடந்த இடத்தைத் தாண்டின. திரும்பிப் பார்க்கவில்லை. சனம் வழிவிட்டது. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு நடந்தாள், வண்டில் அவளுக்குப் பின்னால் பாலம் ஏறியது. அத்தான் வண்டிலின் பக்கப் பலகையைப் பிடித்தபடி வந்தார்.

கைதடியில் தங்கை வீட்டு மாமரத்தடியில் மாட்டை அவிழ்த்தோம். அத்தான் கன நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத்தான் ஓடினவங்கள். பசுவுக்கு இல்லை.”

“ஓம்.”

“உனக்கு முந்தியே தெரியும்.”

“இவள் பிறந்த நேரம் நீங்கள் தோத்து வந்தியளே. அண்டைக்குத் தெரியும்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா பசுவை வித்திருப்பியள்.”

 அத்தான் எழும்பிப் போய் வாளியில் தண்ணீர் அள்ளி மாட்டுக்கு வைத்தார். தண்ணீர் முடிந்த பிறகும் அங்கேயே நின்றார்.

முதலாளி மற்ற நாள் பின்னேரம் வந்து சேர்ந்தார். பசுவின் கயிற்றைக் கழுவிச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மத்தியானம் வரை உயிர் இருந்தது என்றார். மழை நனையவில்லை என்றார். கயிற்றை அக்காவின் கையில் வைத்துவிட்டு, “நேற்று நானும் பாத்தன் பிள்ளை. முந்தி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அந்த ரண்டு கண்டையும் வாங்கியிருக்கமாட்டன்” என்றார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம், சீனி இல்லாமல்.

நாங்கள் அரியாலைக்குத் திரும்பி வரும்போது மூத்தவனும் இளையவனும் இல்லை. வயது போய்க் கைதடியிலேயே முடிந்துபோனார்கள். கைதடி நாகு ஈன்ற பெண் கன்று ஒன்றை அக்கா கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது முதலாளி இல்லை. அத்தான் இல்லை. அக்காவின் மகள் வேறு நாட்டில். திடலில் திரும்பவும் சவாரி நடக்கிறது. போன சித்திரை போய்ப் பார்த்தேன். முடிவுக் கோட்டில் கைபேசியோடு பொடியன்கள் நின்றார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். பசு இல்லை. தாயைக் காட்டி ஓட்டுகிற வழக்கம் ஒன்று இருந்தது என்று பக்கத்தில் நின்ற ஒருவருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. படலையில் நின்றவர்கள்: அக்கா, நான். அக்காவுக்கு இப்போது முழங்கால் ஏலாது, தரவைக்குப் போவதில்லை. திடலில் யார் வென்றது என்று கேட்டாள். சொன்னேன். பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள். குரல் முன்னைப்போல் தூரம் போகாது. காத்து நின்றோம். தரவையின் அந்த ஓரத்தில் ஒன்று தலையைத் தூக்கியது. உயர்ந்த கால், சாம்பல் பூத்த வெள்ளை. பிறகு மற்றவை.

வந்தவை ஐந்து.